அயலவருக்கு 21 நாள்

இங்கிலாந்தில் ஒருவர் தன் பழைய வீட்டை இடித்துவிட்டு அடுக்ககம் கட்ட நினைத்தாலும், தெருமுனைக் கடையை டேக்அவே கடையாக மாற்ற நினைத்தாலும், அந்தத் தெருவின் விளக்குக் கம்பத்தில் பிளாஸ்டிக் உறையில் போட்ட தாள் ஒன்று கட்டித் தொங்குவதைப் பார்க்கலாம். விண்ணப்ப எண், முகவரி, என்ன கட்டப் போகிறார்கள் என்று இரண்டு வரி, கருத்து அனுப்பக் கடைசி நாள். அவ்வளவுதான் அதில் இருக்கும். சிறிய வேலைகளுக்குத் தாளுக்குப் பதில் பக்கத்து வீடுகளுக்குக் கடிதம் வருவதும் உண்டு. 10 வீடுகளோ அதற்கு மேலோ, 1,000 சதுர மீட்டர் தளப்பரப்போ இருந்தால் அது பெரிய விண்ணப்பம். உள்ளூர்ப் பத்திரிகையிலும் விளம்பரம் கொடுக்க வேண்டும். கருத்துச் சொல்ல 21 நாள். சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையோடு வரும் விண்ணப்பமென்றால் 30 நாள்.

யார் வேண்டுமானாலும் எழுதலாம். சொந்த வீட்டுக்காரராக இருக்க வேண்டியதில்லை, வாக்காளராக இருக்க வேண்டியதில்லை, அந்த நாட்டுக் குடிமகனாகக்கூட இருக்க வேண்டியதில்லை. கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் தேவையில்லை. இவ்வளவு தாராளமாக அள்ளிக் கொடுத்த உரிமை எதுவரை செல்லும் என்று பார்த்தால்தான் அதன் குணம் பிடிபடும். ஒரு கட்டடத்தைத் தடுத்து நிறுத்தும் அதிகாரம் இங்கிலாந்தின் திட்டமிடல் சட்டத்தில் அயலவருக்கு எங்கேயும் இல்லை. அவருக்குக் கிடைப்பது, முடிவெடுப்பவரிடம் ஒரு கேள்வியை வைத்து, பதில் சொல்லாமல் அவர் நகர முடியாதபடி செய்யும் வாய்ப்பு. இந்த வேறுபாடு தெரிந்தவரின் ஒரு பக்கக் கடிதம், தெரியாதவர்கள் எழுதிய 300 கடிதங்களைவிட ஆழமாகப் போய்ச் சேரும்.

முதல்முறை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு புகார்களோடு தொடங்குகிறார்கள். ஒன்று, இந்தக் கட்டடம் வந்தால் என் வீட்டின் விலை இறங்கிவிடும். இன்னொன்று, என் சன்னலிலிருந்து தெரியும் காட்சி போய்விடும். இரண்டும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் உள்ளூராட்சியின் (கவுன்சிலின்) திட்டமிடல் அதிகாரி இரண்டையும் சட்டப்படியே ஒதுக்கிவைத்துவிடுவார். காட்சியின் மீது யாருக்கும் உரிமை இல்லை என்பது இங்கிலாந்தின் மிகப் பழைய முடிவுகளில் ஒன்று. 1610இல் நார்ஃபோக் பகுதியைச் சேர்ந்த ஆல்ட்ரெட் என்பவர், பக்கத்து வீட்டுக்காரர் தன் வீட்டை ஒட்டிப் பன்றிக் கொட்டகை போட்டார் என்று வழக்குத் தொடுத்தார். நாற்றத்துக்கு நிவாரணம் உண்டு, வெளிச்சம் மறைந்தால் நிவாரணம் உண்டு. அழகான காட்சி மறைந்ததற்கு மட்டும் கிடையாது என்று ஆனது. நானூறு ஆண்டு கழித்தும் இந்த நிலை அப்படியேதான் இருக்கிறது. வீட்டின் விலையும் இதே கூட்டத்தைச் சேர்ந்தது: அது தனிமனிதரின் சொத்துக் கணக்கு, நிலத்தின் பயன்பாட்டுக் கணக்கு அல்ல.

மூன்றாவது ஆள்

அயலவர் இந்த ஏற்பாட்டுக்குள் வந்து சேர்ந்த கதை கொஞ்சம் விந்தையானது. 1947இல் அட்லியின் தொழிற்கட்சி அரசு கொண்டுவந்த நகர, ஊரகத் திட்டமிடல் சட்டம் 1948 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நிலம் உங்களுடையதாகவே இருக்கும். அதில் கட்டும் உரிமை மட்டும் அரசின் கைக்குப் போனது. கட்ட விரும்புகிறவர் உள்ளூராட்சியிடம் அனுமதி கேட்க வேண்டும், மறுத்தால் அமைச்சரிடம் முறையிடலாம். இது விண்ணப்பதாரருக்கும் அரசுக்கும் இடையிலான விவகாரம். வேலிக்கு அந்தப் பக்கம் நிற்பவருக்கு இதில் இடமே இல்லை. பொதுநலனைப் பார்த்துக்கொள்ளத்தான் அரசு இருக்கிறதே, அயலவர் எதற்கு என்பதுதான் அன்றைய எண்ணம்.

அந்த எண்ணம் அடிவாங்கியது ஒரு குழியில். எசெக்ஸில் சாஃப்ரன் வால்டன் என்ற ஊருக்கு அருகே நிலத்தைத் தோண்டிச் சுண்ணக்கல் எடுக்க ஒரு நிறுவனம் அனுமதி கேட்டது. உள்ளூரில் மறுத்துவிட்டார்கள். மேல்முறையீட்டில் பொது விசாரணை நடந்தது. பக்கத்து நிலத்துக்காரர்கள் வந்து, தூசி பறந்து பயிரும் கால்நடையும் கெடும் என்று சாட்சி சொன்னார்கள். விசாரித்த ஆய்வாளர் அதை ஏற்று, அனுமதி கொடுக்க வேண்டாம் என்று பரிந்துரைத்தார். அமைச்சரோ வேளாண் அமைச்சக நிபுணர்களிடம் தனியே கருத்துக் கேட்டு, பரிந்துரையைத் தள்ளிவிட்டு அனுமதி கொடுத்துவிட்டார். அந்த நிபுணர்கள் என்ன சொன்னார்கள் என்பது அயலவர்களுக்குக் காட்டப்படவில்லை. மறுத்துப் பேசவும் வாய்ப்பில்லை. நீதிமன்றத்துக்குப் போனார்கள். பக்ஸ்டன் வழக்கு என்று சட்ட நூல்கள் சொல்லும் அந்த வழக்கில் 1960இல் வந்த தீர்ப்பு இன்னும் கசப்பானது. சட்டம் சொல்லும் பொருளில் இவர்கள் ‘பாதிக்கப்பட்டவர்கள்’ அல்லர். இவர்களுடைய சட்ட உரிமை எதுவும் மீறப்படவில்லை. ஆகவே வழக்காட வழியில்லை.

தோற்ற வழக்குதான் விதியை மாற்றியது. நாடாளுமன்றத்திலும் பத்திரிகைகளிலும் எழுந்த கூச்சலுக்குப் பிறகு 1962இல் விசாரணை நடைமுறை விதிகள் வந்தன. ஆய்வாளரின் முடிவிலிருந்து அமைச்சர் புதிய சான்றின் பேரில் விலக நினைத்தால், விசாரணையில் பங்கெடுத்தவர்களுக்கு அதைத் தெரிவித்து வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்றானது. 1973இல் இன்னொரு வழக்கில், விசாரணையில் வந்து பேசிய அயலவரும் ‘பாதிக்கப்பட்டவர்’தான் என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனாலும் விண்ணப்பம் வந்திருக்கிறது என்று ஊருக்குச் சொல்லும் கடமை நெடுங்காலம் எல்லாக் கட்டடங்களுக்கும் இருக்கவில்லை. ‘கெட்ட அயல்’ என்று பெயர் வைத்து ஒரு பட்டியல் இருந்தது. அதில் வருபவற்றுக்கு மட்டும் அறிவிப்பு. பொதுக் கழிப்பறை, கழிவுநீர் நிலையம், இறைச்சிக் கூடம் எல்லாம் அதில் இருந்தது புரிகிறது. கூடவே சினிமா கொட்டகையும் நடன மண்டபமும் இருந்தன என்பது அந்தக் காலத்து ஆங்கிலேய நடுத்தர வர்க்கத்தைப் பற்றி நிறையச் சொல்கிறது. எல்லா விண்ணப்பங்களையும் விளம்பரப்படுத்த வேண்டும் என்ற பொதுவிதி 1990களின் தொடக்கத்தில்தான் வந்தது.

இடையில் 1969இல் ஆர்தர் ஸ்கெஃபிங்டன் என்ற நாடாளுமன்ற உறுப்பினரின் தலைமையில் ஒரு குழு, மக்களைத் திட்டமிடலில் பங்கெடுக்க வைப்பது எப்படி என்று அறிக்கை கொடுத்தது. அதே ஆண்டில் அமெரிக்காவில் ஷெரி ஆர்ன்ஸ்டைன் ‘குடிமக்கள் பங்கேற்பின் ஏணி’ என்ற கட்டுரையை வெளியிட்டார். ஏணிக்கு எட்டுப் படி. அடியில் மக்களை ஏமாற்றுவது, உச்சியில் மக்களே ஆள்வது. கருத்துக் கேட்பு நாலாவது படி. அடையாளப் பங்கேற்பு என்ற பிரிவில் அதை வைத்தார் அவர். ஸ்கெஃபிங்டன் நம்பிக்கையோடு எழுதியதையும் ஆர்ன்ஸ்டைன் சந்தேகத்தோடு எழுதியதையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால், விளக்குக் கம்பத்துத் தாள் இரண்டுக்கும் நடுவில்தான் இன்னும் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று தோன்றும்.

எது எடைக்கு வரும்

உள்ளூராட்சி எப்படி முடிவெடுக்க வேண்டும் என்பதை 2004ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஒரு பிரிவு வகுத்துவிடுகிறது. ஊருக்கென்று ஏற்கெனவே ஒப்புக்கொண்ட வளர்ச்சித் திட்டம் இருக்கும். அதன்படியே முடிவு இருக்க வேண்டும். திட்டமிடலுக்குப் பொருந்தும் வேறு காரணங்கள் எதிர்த்திசையில் இருந்தால் மட்டும் விலகலாம். அந்த ‘பொருந்தும் காரணம்’ எது என்பதில்தான் கருத்துச் சொல்பவரின் வெற்றி தோல்வி இருக்கிறது. நிலத்தின் பயன்பாட்டோடும் மேம்பாட்டோடும் தொடர்புடைய எதுவும் பொருந்தலாம் என்று 1970இல் ஒரு வழக்கில் நீதிபதி குக் சொன்னார். அந்த வழக்கே சுவையானது. செஷயரில் ஜோட்ரெல் பேங்க் வானொலித் தொலைநோக்கி இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் வீடுகள் வந்தால் அங்குள்ள மின்கருவிகளின் இரைச்சல் விண்மீன்களிலிருந்து வரும் மெல்லிய அலைகளைக் கெடுக்கும். அதைச் சொல்லி வீடுகளுக்கு அனுமதி மறுக்கலாமா? மறுக்கலாம் என்றது நீதிமன்றம்.

அப்படியானால் நடைமுறையில் எடைக்கு வருபவை: சன்னல்கள் எதிரெதிரே வந்து அந்தரங்கம் கெடுவது, வெளிச்சம் குறைவது, போக்குவரத்து, வண்டி நிறுத்த இடம், இரைச்சல், வாசனை, கட்டடத்தின் பருமனும் தோற்றமும், மரங்கள், பழம்பெருமைக் கட்டடங்கள், வெள்ளம். எடைக்கு வராதவை: வீட்டு விலை, காட்சி, பொதுச்சுவர்த் தகராறு, பத்திரத்தில் எழுதிய தனியார் நிபந்தனைகள், கட்டும் காலத்துத் தூசி, போட்டிக் கடை வந்தால் வியாபாரம் படுக்கும் என்ற பயம், விண்ணப்பதாரர் எப்படிப்பட்ட ஆள் என்ற ஊர்ப்பேச்சு.

கோடு எப்போதும் இவ்வளவு நேராக ஓடாது. ரசாயனக் கழிவை மாற்றும் ஆலை ஒன்று வேல்ஸின் நியூபோர்ட்டில் வர இருந்தபோது ஊர்மக்கள் பயந்தார்கள். அந்தப் பயத்துக்கு அறிவியல் அடிப்படை போதவில்லை. இருந்தும், மக்களிடம் உண்மையாகவே இருக்கும் அச்சம், ஆதாரமில்லாதது என்றாலும், கணக்கில் எடுக்கத்தக்க காரணம்தான் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 1997இல் சொன்னது. எவ்வளவு எடை என்பது வேறு கேள்வி.

கடிதத்தில் சொல்வது எப்படி வேலை செய்கிறது என்பதைக் கிட்டத்தில் பார்க்கலாம். பின்பக்கத்து மனையில் மூன்று மாடி வரப்போகிறது என்று வையுங்கள். ‘இது எங்கள் தெருவுக்கே பொருந்தாது, இங்கே அமைதியாக வாழ்ந்துகொண்டிருக்கிறோம், தயவுசெய்து அனுமதிக்க வேண்டாம்’ என்று எழுதினால் அதிகாரியின் அறிக்கையில் அது ‘ஊரின் தன்மை பற்றிப் பொதுவான கவலை தெரிவிக்கப்பட்டது’ என்ற அரைவரியாகச் சுருங்கும். மாறாக இப்படி எழுதுகிறார் என்று கொள்வோம்: ‘வரைபடத்தில் இரண்டாம் மாடியின் வடக்குச் சுவரில் காட்டியிருக்கும் படுக்கையறைச் சன்னல், எங்கள் படுக்கையறைச் சன்னலிலிருந்து 14 மீட்டர் தூரத்தில் இருக்கிறது. கவுன்சிலின் வடிவமைப்பு வழிகாட்டி எதிரெதிர்ச் சன்னல்களுக்கு 21 மீட்டர் கேட்கிறது.’ இப்போது அதிகாரி வரைபடத்தை எடுத்து அளந்து பார்த்தே ஆக வேண்டும். பல கவுன்சில்களின் வழிகாட்டியில் இருக்கும் அந்த 21 மீட்டருக்கும் ஒரு வரலாறு உண்டு. முதல் உலகப் போர் முடியும் நேரத்தில், 1918இல், தொழிலாளர் குடியிருப்புகள் பற்றி வந்த டியூடர் வால்டர்ஸ் அறிக்கை வீட்டு வரிசைகளுக்கு நடுவே 70 அடி விடச் சொன்னது. குளிர்காலத்துத் தாழ்ந்த வெயிலும் வீட்டுக்குள் விழ வேண்டும் என்பதுதான் அன்று நோக்கம். வெயிலுக்காக வந்த அளவு இன்று அந்தரங்கத்தைக் காக்கும் அளவாக ஆகிவிட்டது.

அளந்த பிறகு அதிகாரி விண்ணப்பத்தை நிராகரிப்பார் என்று எதிர்பார்க்கக் கூடாது. அதிகமாக நடப்பது வேறொன்று. அந்தச் சன்னலை வேறு சுவருக்கு மாற்றச் சொல்வார். அல்லது அறையின் தரையிலிருந்து 1.7 மீட்டர் உயரம் வரை திறக்க முடியாத, ஊடுருவிப் பார்க்க முடியாத மங்கல் கண்ணாடி போட வேண்டும் என்று நிபந்தனை விதிப்பார். சமையல் புகை போகும் குழாயின் இடம், சரக்கு வண்டி வரும் நேரம், கடை மூடும் நேரம், வெட்டும் மரத்துக்குப் பதில் நடும் மரம், குப்பைத் தொட்டி வைக்கும் மூலை — அயலவர்களின் கருத்து பலிக்கும் இடம் பெரும்பாலும் இந்த நிபந்தனைப் பட்டியல்தான். ‘கட்டவே கூடாது’ என்று மட்டும் எழுதியவர் இந்தப் பேரத்தில் தன் இருக்கையைக் காலியாக விட்டுவிடுகிறார். எதிர்ப்புக் கடிதத்தின் கடைசியில், ‘அனுமதிப்பதாக இருந்தால் இன்னின்ன நிபந்தனைகள் வேண்டும்’ என்று ஒரு பத்தி சேர்ப்பது கொள்கையை விட்டுக்கொடுப்பது ஆகாது.

எண்ணிக்கை இங்கே வாக்கு அல்ல. ஒரே அச்சுக் கடிதத்தில் 400 பேர் கையெழுத்திட்டாலும் அதிலுள்ள வாதம் ஒன்றுதான். எதிர்ப்போ ஆதரவோ எவ்வளவு பலமாக இருந்தாலும் திட்டமிடல் காரணம் இல்லாமல் அதை மட்டும் வைத்து மறுக்கவோ அனுமதிக்கவோ முடியாது என்று அரசின் வழிகாட்டுதல் சொல்கிறது. ஆனாலும் எண்ணிக்கைக்கு ஒரு மறைமுகப் பயன் உண்டு: பல கவுன்சில்களில் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் எதிர்ப்பு வந்தால் விண்ணப்பம் அதிகாரியின் மேசையைத் தாண்டிக் கவுன்சிலர்களின் குழுவுக்குப் போகும்.

கருத்து எழுதுகிறவர்கள் மறந்துவிடும் இன்னொன்று, அது பொதுப் பதிவு என்பது. பெயரும் முகவரியும் இல்லாத கடிதத்தைப் பெரும்பாலான கவுன்சில்கள் கணக்கில் எடுப்பதில்லை. விண்ணப்பதாரர் உங்கள் கடிதத்தைப் படிப்பார். நாளைக்கும் அவரோடு ஒரே தெருவில் வாழ வேண்டும். இனம், மதம் பற்றி எழுதினால் கவுன்சில் அதை வெளியிடாது. எழுதியவருக்கு வேறு சிக்கலும் வரலாம்.

மூன்று நிமிடம், பிறகு ஆறு வாரம்

பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட விண்ணப்பங்களைத் தீர்மானிப்பவர்கள் அதிகாரிகள்தான்; கவுன்சிலர்கள் அல்ல. சிறிய விண்ணப்பத்துக்கு 8 வாரம், பெரியதற்கு 13 வாரம் என்ற கெடு அவர்கள் தலைக்கு மேல் தொங்குகிறது. உங்கள் பகுதிக் கவுன்சிலர் கேட்டுக்கொண்டால் விண்ணப்பம் குழுவுக்குப் போகும். பல இடங்களில் எதிர்ப்பாளருக்கு அங்கே மூன்று நிமிடம் பேச நேரம் கிடைக்கும். அந்த மூன்று நிமிடத்தில் கவுன்சிலர்கள் மனமிளகி, அதிகாரியின் பரிந்துரைக்கு எதிராக மறுத்துவிடுவதும் உண்டு. அறையில் கைதட்டல் எழும். ஆனால் காரணம் வலுவாக இல்லையென்றால் விண்ணப்பதாரர் மேல்முறையீட்டில் வென்றுவிடுவார். கவுன்சில் நியாயமில்லாமல் நடந்தது என்று ஆய்வாளர் கருதினால் விண்ணப்பதாரரின் செலவையும் கவுன்சிலே கட்ட வேண்டியிருக்கும். பணம் ஊர்மக்களின் வரிப்பணம். குழுவின் கைக்குப் போகும் விண்ணப்பங்களை இன்னும் குறைக்க, 2025 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் வந்த திட்டமிடல், உள்கட்டமைப்பு மசோதா நாடு முழுவதற்கும் ஒரே அதிகாரப் பகிர்வுமுறையை முன்வைத்தது. வீடு கட்டும் வேகத்தைக் கூட்ட வேண்டும் என்பது அரசின் வாதம்.

மேல்முறையீட்டில்தான் அயலவரின் நிலை வெளிச்சமாகத் தெரியும். மறுக்கப்பட்ட விண்ணப்பதாரர் திட்டமிடல் ஆய்வாளர்களின் அலுவலகத்துக்குப் போகலாம். அனுமதி கிடைத்துவிட்டால் எதிர்த்த அயலவர் அங்கே போக முடியாது. முடிவு சட்டப்படி எடுக்கப்படவில்லை என்று மட்டும் உயர் நீதிமன்றத்தில் சீராய்வு கேட்கலாம். அதற்கு ஆறு வாரம்தான் அவகாசம். சுற்றுச்சூழல் வழக்கு என்ற வகையில் வந்தால், தோற்கும் தனிமனிதர் எதிர்த்தரப்புக்குக் கட்ட வேண்டிய செலவுக்குப் பொதுவாக 5,000 பவுண்டு வரம்பு; தன் வழக்கறிஞருக்குக் கொடுப்பது தனி. முடிவு தவறு என்று அங்கே வாதிட முடியாது; எடுத்த முறை தவறு என்றுதான் வாதிடலாம். அதனால்தான் முதல் கடிதத்தில் குறிப்பிட்ட கேள்வியை வைப்பது முக்கியமாகிறது. கேட்கப்பட்ட முக்கியக் கேள்விக்கு அறிக்கையில் பதில் இல்லையென்றால் அதுவே சட்டப் பிழையாகலாம். கேட்காத கேள்விக்கு யாரும் பதில் சொல்லத் தேவையில்லை. வீட்டு விரிவாக்க வழக்குகளில் இது இன்னும் கடுமை: அவற்றின் விரைவு மேல்முறையீட்டில் அயலவர் புதிதாக எதுவும் எழுத முடியாது, ஏற்கெனவே கவுன்சிலுக்கு எழுதியதைத்தான் ஆய்வாளர் பார்ப்பார்.

கடலுக்கு அந்தப் பக்கம் அயர்லாந்தில் நிலைமை வேறு. 1963ஆம் ஆண்டுச் சட்டம் முதலே மூன்றாம் ஆளுக்கும் மேல்முறையீட்டு உரிமை இருக்கிறது. விண்ணப்பம் வந்த ஐந்து வாரத்துக்குள் 20 யூரோ கட்டிக் கருத்தைப் பதிவு செய்தவர், முடிவு பிடிக்காவிட்டால் நான்கு வாரத்துக்குள் தேசிய மேல்முறையீட்டு அமைப்புக்குப் போகலாம். கருத்துக்குக் காசு, அதற்கு ஈடாகக் கடிக்க ஒரு பல். இங்கிலாந்தில் கருத்து இலவசம், பல்லும் கிடையாது. இரண்டில் அயர்லாந்து முறைதான் அயலவரை மதிக்கிறது என்பது என் எண்ணம், வீடுகள் தாமதமாகின்றன என்று அங்கே எழும் முணுமுணுப்பையும் சேர்த்துப் பார்த்தாலும்.

இங்கிலாந்திலும் ஒரே ஓர் அயலவரின் ஒரே ஒரு கடிதம் விளைவை நேராக மாற்றும் இடம் ஒன்று இருக்கிறது. லண்டன் தமிழ் வீடுகளுக்கு அது நன்றாகப் பழக்கமான இடம். ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும் பின்பக்கம் எக்ஸ்டென்ஷன் போடாத வீட்டைத் தேட வேண்டும். வரிசை வீட்டுக்குப் பின்னால் 3 மீட்டர் வரை ஒருமாடி விரிவாக்கத்துக்கு முழு விண்ணப்பம் பொதுவாகத் தேவையில்லை. 2013 முதல் அதை 6 மீட்டர் வரை நீட்டலாம், தனி வீட்டுக்கு 8 மீட்டர். ஆனால் முதலில் கவுன்சிலுக்கு அறிவிக்க வேண்டும், கவுன்சில் ஒட்டியுள்ள வீடுகளுக்குக் கடிதம் போடும். 21 நாளில் யாரும் எதிர்க்கவில்லையென்றால், அயல்வீட்டுக்கு என்ன பாதிப்பு என்று கவுன்சில் ஆராயவே ஆராயாது. ஒட்டிய வீட்டுக்காரர் ஒருவர் எதிர்த்தாலும் ஆராய்ந்தே ஆக வேண்டும். வேறெங்கும் மௌனத்துக்கு இவ்வளவு பொருள் இல்லை. வந்த கடிதம் புரியாமல் மேசையில் கிடந்து 21 நாள் ஓடிப்போன வீடுகளில், சமையலறைச் சன்னலுக்கு வெளியே நீளமான செங்கல் சுவர் எழுந்த பிறகுதான் கேள்வி பிறக்கிறது.

வராதவர்கள்

கருத்துச் சொல்ல வருபவர்கள் யார்? பாஸ்டன் பல்கலைக்கழக அரசியல் அறிவியலாளர்கள் மூவர், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 97 ஊர்களின் திட்டமிடல் கூட்டக் குறிப்புகளை எடுத்து, பேசியவர்களின் பெயர்களை வாக்காளர் பட்டியலோடு ஒப்பிட்டார்கள். 2019இல் வெளிவந்த முடிவு: பேசியவர்கள் ஊரின் சராசரியைவிட வயதானவர்கள், நெடுநாள் குடியிருப்பவர்கள், சொந்த வீட்டுக்காரர்கள், கூடுதலாக ஆண்கள். வீட்டுத் திட்டங்களை ஆதரித்துப் பேசியவர்கள் 15 சதவீதம் அளவுதான். நாடு வேறு, சட்டம் வேறு. ஆனால் இங்கிலாந்துக் குழுக் கூட்டமொன்றில் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தவர் யாருக்கும் இந்தச் சித்திரம் புதிதாக இருக்காது. கட்டப்போகும் வீட்டில் நாளைக்கு வாழப்போகிறவருக்கு, அது தன் வீடாகும் என்று இன்று தெரியாது. அவர் எப்படிக் கடிதம் எழுதுவார்?

ஆதரவுக் கருத்தும் கருத்துதான், எதிர்ப்புக்குச் சமமான இடம் அதற்கும் உண்டு என்பதைப் புலம்பெயர்ந்தவர்கள் கோயில் விவகாரங்களில்தான் கற்றுக்கொண்டார்கள். தேவாலயம் கோயிலாக மாறுவதற்குப் பெரும்பாலும் அனுமதியே வேண்டாம். வழிபாட்டிடம் என்ற ஒரே பயன்பாட்டு வகைக்குள் இரண்டும் அடங்கும். உள்ளே எந்தத் தெய்வம் என்பது சட்டத்துக்குப் பொருட்டில்லை. ஈலிங்கில் கனகதுர்க்கை அம்மன் முன்பு கிறித்தவ வழிபாட்டுக் கூடமாக இருந்த கட்டடத்தில்தான் குடியிருக்கிறாள், தெருவின் பெயர் இன்றும் சேப்பல் ரோடு. கிடங்கையோ வீட்டையோ கோயிலாக்க வந்தால்தான் தாள் கம்பத்தில் ஏறும். திருவிழா நாள் நெரிசல், வண்டி நிறுத்தம், மேளச் சத்தம் என்று கடிதங்கள் வரும். இவற்றில் நியாயமான கவலையும் இருக்கும், வேறு எதையோ சொல்லத் துணியாதவர் போட்டுக்கொண்ட போர்வையும் இருக்கும்.

இரண்டையும் ஒன்றாகச் சந்தித்தது பக்திவேதாந்த மேனர் விவகாரம். ஹெர்ட்ஃபர்ட்ஷயரின் லெட்ச்மோர் ஹீத் என்ற சிறு கிராமத்தின் ஓரத்து மாளிகையை பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் 1973இல் கிருஷ்ண பக்தர்களுக்கு வாங்கிக் கொடுத்தார். ஜன்மாஷ்டமிக்கு ஆயிரக்கணக்கானோர் வரத் தொடங்கியதும் ஒடுங்கிய கிராமத்துச் சாலை திணறியது. கிராமத்தார் முறையிட்டார்கள், பொதுமக்கள் வழிபாட்டுக்கு அங்கே அனுமதியில்லை என்று ஹெர்ட்ஸ்மியர் கவுன்சில் நடவடிக்கை எடுத்தது. மேல்முறையீடு, நீதிமன்றம் என்று போய், கடைசியில் ஐரோப்பிய மனித உரிமை ஆணையமும் 1994இல் பக்தர்களின் மனுவை ஏற்கவில்லை. அதே ஆண்டு லண்டன் தெருக்களில் பல்லாயிரம் இந்துக்கள் ஊர்வலம் போனார்கள். ஆனால் தீர்வு ஊர்வலத்திலிருந்து நேராக வரவில்லை. கிராமத்தின் வாதம் போக்குவரத்து. அப்படியானால் கிராமத்தைத் தொடாமல் மாளிகைக்கு வேறு பாதை போட்டால்? அந்தப் பாதைக்குத் தனி விண்ணப்பம், தனி விசாரணை. 1996இல் அமைச்சர் ஜான் கம்மர் அனுமதித்தார். பாதையின் பெயர் தரம் மார்க். போக்குவரத்துப் பற்றி எழுதியவர்களுக்குச் சாலையே பதிலாக வந்தது. மற்றதை மனதில் வைத்துக்கொண்டு போக்குவரத்து என்று எழுதியவர்களுக்குச் சொல்ல வேறு எதுவும் மிஞ்சவில்லை.

இத்தனை சண்டையும் தனித்தனி விண்ணப்பங்களின் மீது நடக்கிறது. அந்த நேரத்தில் முக்கியமான கேள்விகள் பலவும் முடிந்துபோயிருக்கும். இந்த வயல் வீட்டுமனையா, இந்த முனையில் எத்தனை மாடி என்பதெல்லாம் சில ஆண்டுகளுக்கு முன்பே ஊரின் வளர்ச்சித் திட்டத்தில் எழுதப்பட்டிருக்கும். அந்தத் திட்டம் வரைவாக இருக்கும்போது குறைந்தது ஆறு வாரம் கருத்துக் கேட்பார்கள். இறுதி வரைவைத் திருத்தச் சொல்லி எழுதியவர் விரும்பினால், ஆய்வாளர் முன்னால் நேரில் பேச வைக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. விண்ணப்பத்தை எதிர்ப்பவருக்குக் கவுன்சிலின் கருணையால் மூன்று நிமிடம். திட்டத்தை எதிர்ப்பவருக்குச் சட்ட உரிமையாகவே ஓர் இருக்கை. 2011ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு ஊர்மக்களே தங்கள் பகுதிக்குத் திட்டம் எழுதிப் பொதுவாக்கெடுப்புக்கு விடலாம்; கம்ப்ரியாவில் அப்பர் ஈடன் பகுதி 2013இல் முதலாவதாக அதைச் செய்தது. ஆனால் விளக்குக் கம்பத்துத் தாளைப் படிப்பவர்களில் எத்தனை பேர் 200 பக்க வரைவைப் படிப்பார்கள்? வீடு கட்டும் நிறுவனங்களின் ஆலோசகர்கள் படிக்கிறார்கள். அந்த இருக்கைகளில் அவர்கள்தான் அதிகம் உட்கார்ந்திருக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் இந்த வரிசை தலைகீழ். 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர், ஊரமைப்புச் சட்டமும் அதற்கு முந்தைய 1920ஆம் ஆண்டின் சென்னை நகரமைப்புச் சட்டமும் பிரிட்டிஷ் வம்சாவளிதான். ஆனால் பக்கத்து மனையில் நாலு மாடி வரப்போகிறது என்று அயலவருக்குக் கடிதம் போடும் வழக்கம் இங்கே வரவில்லை. அனுமதி கேட்பவருக்கும் அலுவலகத்துக்கும் இடையிலான விவகாரமாகவே, 1947இன் மனநிலையிலேயே, அது இருக்கிறது. கருத்துக் கேட்பது இரண்டு இடங்களில். நில வகைப்பாட்டை மாற்றக் கேட்டால் நாளிதழில் வரும் ஆட்சேபணை விளம்பரம் ஒன்று. முழுமைத் திட்டத்தின் வரைவு இன்னொன்று. அதற்குச் சட்டம் கொடுக்கும் அவகாசம் குறைந்தது இரண்டு மாதம். சென்னையின் இரண்டாம் முழுமைத் திட்டம் 2008இல் நடைமுறைக்கு வந்தது, 2026ஐ இலக்காக வைத்து எழுதப்பட்டது. அடுத்த திட்டத்தின் வரைவு வெளியாகும்போது, தங்கள் தெருவும் ஏரியும் அதில் எந்த நிறத்தில் இருக்கின்றன என்று சர்வே எண்ணை வைத்துத் தேடிப் பார்த்து, எந்தப் பக்கத்தில் என்ன மாற வேண்டும் என்று எழுதிக் கொடுக்க அந்த இரண்டு மாதம்தான் இருக்கும்.